மார்த்தா என்ன சொல்றாங்க?

அடி அண்ணாமலை அர்ஜுனனின் வேனைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனதற்குக் காரணம் ஒரு பை. பைக்குள் இருந்தவை ஒரு சால்வை, ஒரு கேமரா, பாதி தின்ற கடலை மிட்டாய். பை மார்த்தா என்கிற வெள்ளைக்காரப் பெண்ணுடையது. பை இருந்த வேன் அர்ஜுனனுடையது. அவனை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் வெள்ளைக்காரன் என்று சொல்ல முடியாது. காவல் நிலையத்தார் இந்த வழக்கில் துப்பறிந்து கண்டுபிடித்தவை இவ்வளவுதான். எல்லாமே சரியான தகவல்கள் என்பதால் யாராலும் மறுக்க முடியவில்லை.

1998ஆம் வருடம், ஆவணிப் பௌர்ணமி அன்று சாயங்காலம் இது நடந்தது. மலை சுற்ற வருகிறவர்கள் கையில் இருக்கிற மூட்டை முடிச்சைத் தெரிந்த வேன்காரனிடம் போட்டுவிட்டு நடப்பது இந்த ஊரில் எல்லாரும் செய்கிற காரியம். சுற்றி முடித்து வந்து எடுத்துக்கொள்வார்கள். சீட்டும் கிடையாது, சாட்சியும் கிடையாது. அன்றைக்கு அர்ஜுனனின் வேனில் கீழ்பென்னாத்தூர் ஜனங்களின் பைகளே ஏழெட்டு கிடந்தன. ஆனால் அவற்றில் கேமரா இல்லை. எனவே அவை பைகள். மார்த்தாவுடையது திருட்டுப் பொருள் என்று அங்கேயே, ரோட்டிலேயே முடிவாகிவிட்டது.

மார்த்தா மலை சுற்றி முடித்து, கால் வலியோடு நேரே காவல் நிலையத்துக்கு ஓடி வந்தாள். அவள் ஐந்து வருடங்களாக அர்ஜுனன் வீட்டுப் பின்கட்டு அறையில் குடியிருக்கிறவள். விசா முடிந்தால் ஊருக்குப் போவாள், புதுப்பித்துக்கொண்டு திரும்பி வருவாள். அப்பா செக் நாட்டுக்காரர், அம்மா ஸ்பெயின்காரி. தமிழை அவள் கற்றுக்கொண்டது அர்ஜுனன் மனைவி எல்லம்மாளோடு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தபோது. அதனால் அவள் பேசுகிற தமிழில் கொஞ்சம் வேர்க்கடலைத் தோலும் கலந்திருக்கும். ஆனால் புரியாமல் போனது என்று பால்காரன் முதல் பஸ் கண்டக்டர் வரை ஒருத்தரும் சொன்னது கிடையாது.

"இன்னா சார் இது அநியாயம்! பை என்னுது சார். நான்தான் அண்ணன் கையில குடுத்தேன். அவுரு எத்தையும் எடுக்கல. வண்டிய வுட்ருங்க" என்றாள்.

இன்ஸ்பெக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அர்ஜுனன் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றாங்க?"

"பை அவங்களுதாம் சார். அவங்கதான் எங்கிட்ட குடுத்தாங்களாம்."

"ஓ. அப்படியா." இன்ஸ்பெக்டருக்கு இப்போதுதான் புரிந்த மாதிரி இருந்தது. "ஏம்மா, இவ்வளவு தமிழ் எங்க கத்துக்கிட்டீங்க?"

"எல்லம்மாக்கா சொல்லிக் குடுத்துச்சு."

"எல்லம்மா யாரு?"

"அண்ணன் சம்சாரம்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஒரு வழக்கின் முடிச்சு அவிழும்போது அதிகாரிகளின் முகத்தில் வருகிற அமைதி அவர் முகத்திலும் வந்தது. "பாத்தீங்களா ரைட்டர்? இந்தம்மா பேசற ஒவ்வொரு வார்த்தையும் குற்றவாளியோட பொண்டாட்டி சொல்லிக் குடுத்தது. இதை நான் எப்படி வாக்குமூலமா எடுக்க முடியும்?"

ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தார். இவ்வளவு கூர்மையான மனிதருக்குக் கீழே வேலை செய்கிறோம் என்கிற பெருமை அவருக்கு. வெளிநாட்டவரின் வாக்குமூலத்தை அவரவர் சொந்த மொழியில், அங்கீகரிக்கப்பட்ட தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் மூலமாகத்தான் வாங்க வேண்டும், அதற்கு வேங்கிக்காலில் ஓர் அலுவலகம் இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் அன்போடு வழி சொல்லி அனுப்பினார். அதுவரை வேன் நிலையத்துப் பின்பக்கம் பத்திரமாக இருக்கும். அர்ஜுனன் ஊரை விட்டு வெளியே போகக் கூடாது, தினமும் காலையில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

"எத்தினி நாளைக்கு சார்?" என்று அர்ஜுனன் கேட்டான்.

"மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிற வரைக்கும்தான்பா. அதுக்கு மேல ஒரு நிமிஷம் வெச்சிருக்க மாட்டோம்."

அர்ஜுனன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். கார்த்திகை தீபத்துக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. தீபத்துக்கு முன்னும் பின்னும் ஓடுகிற ஓட்டத்தில்தான் அவன் குடும்பம் வருஷம் முழுக்கச் சாப்பிட்டது. மார்த்தாவின் விசாவும் தீபம் முடிந்த வாரத்தோடு முடிகிறது. அவள் போய்விட்டால் அவனுக்காகப் பேச நாதி கிடையாது.

அயல்மொழி வசதி ஏற்பாட்டு அலுவலகம், வேங்கிக்காலில் புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த ஒரு தெருவில், ஒரு வாடகை மாடியில் இருந்தது. மாவட்டம் புதிதாகப் பிரிந்த வருடம் ஆரம்பித்தது. யாரோ ஒரு பெரிய அதிகாரி இந்த ஊருக்கு நாலு தேசத்துக்காரர்களும் வருவதைப் பார்த்துவிட்டு, நாலு தேசத்து மொழிக்கும் நாம் தயாராக இருக்க வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் சொல்லிவைத்தார். அவர் அடுத்த மாதமே மாற்றலாகிப் போய்விட்டார். அலுவலகம் மட்டும் தயாராகவே இருந்துவிட்டது.

அதன் தலைவர் ராஜேந்திரன். தூய வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் மூன்று பேனா. மேஜைக்குப் பின்னால் பெரிய உலகப் படம் ஒன்று தொங்கியது. பக்கத்து மேஜையில் கண்காணிப்பாளர் ஹைமவதி வெள்ளரிப் பிஞ்சு நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. இந்த அலுவலகம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் எங்க மொழிபெயர்ப்புல ஒரு எழுத்து தப்பு வந்ததுன்னு யாராவது விரல் நீட்ட முடியுமா? முடியாது" என்று ராஜேந்திரன் தொடங்கினார்.

"எத்தினி மொழிபெயர்ப்பு சார் பண்ணியிருக்கீங்க?" என்று மார்த்தா கேட்டாள்.

ராஜேந்திரன் அர்ஜுனனைப் பார்த்தார். "என்ன சொல்றாங்க?"

"எத்தினி பண்ணியிருக்கீங்கன்னு கேக்குறாங்க சார்."

"எண்ணிக்கையா முக்கியம்? தரம்தான் முக்கியம்னு சொல்லுப்பா. ஒண்ணு பண்ணிட்டு அதுல தப்பு வர்றதைவிட, பண்ணாம இருந்து நூத்துக்கு நூறு வாங்கறது எங்க கொள்கை."

அர்ஜுனன் மார்த்தாவிடம், "எண்ணிக்கை முக்கியம் இல்லையாம்மா" என்றான். அவள் ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இருந்தாலும் தலையை ஆட்டினாள். அவளும் சீக்கிரமே பழகிக்கொண்டாள், பாவம்.

அடுத்து எந்த மொழி என்கிற கேள்வி வந்தது. மார்த்தா விவரம் சொன்னாள். அர்ஜுனன் அதையே மறுபடி சொன்னான். ராஜேந்திரன் முகத்தில் கவலை படர்ந்தது.

"அப்பா செக், அம்மா ஸ்பானிஷ். பாஸ்போர்ட் அப்பா நாட்டுது. தாய்மொழின்னா தாயோட மொழி. அப்ப ரெண்டு பேரு வேணும். தகப்பன் வழிக்கு ஒருத்தர், தாய் வழிக்கு ஒருத்தர். ஒண்ணை வுட்டுட்டு ஒண்ணுல வாங்கினா நாளைக்கு பாதி உண்மைதான் வந்திருக்குன்னு ஆயிடும்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார். வூட்ல எதுல வேணா பேசுவோம். சண்டைன்னா ரெண்டுலயும் பேசுவோம்."

"என்ன சொல்றாங்க?"

"ரெண்டும் வேணும்ங்கறாங்க சார்" என்று அர்ஜுனன் சுருக்கமாகச் சொல்லிவிட்டான். எதிர்த்துப் பேசினால் வேலை நடக்காது என்பது எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் அவன் உடம்புக்குத் தானாகத் தெரிந்துவிடும்.

ஹைமவதி வெள்ளரிப் பிஞ்சை வைத்துவிட்டு மொழிப் பட்டியலை எடுத்தார். ஸ்பானிஷ் இருந்தது. செக் இல்லை. செக்கோஸ்லோவாக்கியா என்றுதான் இருந்தது. சுவரில் தொங்கிய படத்திலும் அப்படித்தான் இருந்தது.

"அந்த நாடு அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே ரெண்டாயிடுச்சு" என்றாள் மார்த்தா.

இதை அர்ஜுனன் எடுத்துச் சொன்னதும் ராஜேந்திரனும் ஹைமவதியும் எழுந்து நின்று படத்தைப் பார்த்தார்கள். வெகு நேரம் பார்த்தார்கள். படத்தில் ஒன்றும் உடையவில்லை. "எங்களுக்கு இன்னும் தகவல் வரல. பாகப்பிரிவினை ஆனா முறைப்படி எழுதித் தெரியப்படுத்தணும் இல்ல? முழு நாட்டுக்குத்தான் எங்களுக்கு அனுமதி. பாதி நாட்டுக்கு ஆள் போட்டா ஆடிட்டுல என்ன சொல்றது? மீதிப் பாதி எங்கேனு கேப்பான்" என்றார் ராஜேந்திரன் வருத்தத்தோடு.

மேலிடத்துக்கு எழுதி, நாடு உடைந்தது உண்மைதான் என்று பதில் வாங்குவதற்குள் புரட்டாசி முடிந்துவிட்டது. அர்ஜுனன் தினமும் காலையில் காவல் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டுப் பின்பக்கம் போய் வேனைப் பார்ப்பான். முதலில் தூசி படிந்தது. பிறகு டயர்களில் காற்று இறங்கியது. ஒரு நாய் அடியில் குட்டி போட்டது. ஏட்டம்மா ஒருத்தர் வேலியோரம் போட்டிருந்த பூசணிக் கொடி, போக வேறு இடம் இல்லாமல் வேன் மேல் ஏறியது. முன்கண்ணாடியில் ஒரு மஞ்சள் பூ பூத்ததைப் பார்த்த அன்றைக்கு அர்ஜுனனுக்கு அழுகை வந்துவிட்டது. தன் வண்டியைத் தானே தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அவன் தூர நின்றுதான் அழுதான்.

வேறு வண்டிக்கு டிரைவராகப் போகலாம் என்றால் ஊரை விட்டு வெளியே போகக் கூடாது. ஊருக்குள்ளேயே சுற்றுகிற வேலை கேட்டால், கேஸ் இருக்கிற ஆள் என்று தயங்கினார்கள். எல்லம்மாள்தான் பக்கத்துக் கொல்லையில் கடலை பிடுங்கப் போய்க் குடும்பத்தை ஓட்டினாள்.

"நான் இன்னா பாவம் பண்ணேன்? தமிழ் சொல்லிக் குடுத்தது ஒரு குத்தமா?" என்று அவள் ஒரு நாள் கஞ்சி ஊற்றும்போது கேட்டாள். "இங்கிலீசு சொல்லிக் குடுத்திருந்தா உங்களுக்கு மெடல் குத்தி வுட்ருப்பாங்க."

மார்த்தா தலையைக் குனிந்துகொண்டாள். "என்னால தானக்கா."

"உன்னால இல்ல. நீ துன்னு" என்று எல்லம்மாள் அவள் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

ஐப்பசியில் மொழிபெயர்ப்பாளர் தேர்வு நடந்தது. இரண்டு பேர் வந்திருந்தார்கள், இரண்டு பேரும் ஸ்பானிஷுக்கு; செக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். முதல் ஆள் இளவரசன், கோயில் ராஜகோபுரத்துக்கு எதிரே வெளிநாட்டுக்காரர்களுக்கு வழிகாட்டுகிறவன். அவனுக்கு ஸ்பானிஷில் வணக்கம், நன்றி, ரொம்ப சீப் ஆகிய மூன்றும் தெரிந்திருந்தன. வாக்குமூலத்துக்கு இது போதாது என்று ராஜேந்திரன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அலுவலகத்தின் தரம் காப்பாற்றப்பட்டது.

இரண்டாவது ஆள் விஸ்வநாத். கோயில் குருக்கள் வீட்டுப் பையன். மெட்ராசில் படித்தபோது ஸ்பானிஷ் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழும் வாங்கியிருந்தான். அவன் மார்த்தாவைப் பார்த்து ஸ்பானிஷில் ஏதோ கேட்டான். அவள் முகம் மலர்ந்து மடை திறந்த மாதிரி பதில் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். அர்ஜுனனுக்கு வேன் ஸ்டார்ட் ஆகிற சத்தமே காதில் கேட்டுவிட்டது.

ராஜேந்திரன் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன மொழியில இருக்கு?"

"ஸ்பானிஷ்ல சார்."

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"எனக்கு ஸ்பானிஷ் நன்னாத் தெரியும்னு எழுதியிருக்கு."

"அதை நீங்களே சொல்லக் கூடாது தம்பி. அங்கீகரிக்கப்பட்ட ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் யாராவது தமிழ்ல மாத்திக் குடுக்கணும். எங்ககிட்ட இப்ப அப்படி யாரும் இல்ல. அந்த இடத்தை நிரப்பத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கோம். நிரப்பின உடனே முதல் வேலையா உங்க சான்றிதழைத்தான் மாத்துவோம். அப்புறம் வாங்க, சேத்துக்கறோம்."

விஸ்வநாத் சான்றிதழை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அர்ஜுனனைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த அறையில் அன்றைக்கு மன்னிப்புக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான்.

அப்போது மார்த்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து நின்று, நல்ல அடி அண்ணாமலைத் தமிழில் கத்தினாள். "சார், பேஜாரு பண்ணாதீங்க! ரெண்டு மாசமா உங்ககிட்ட தமிழ்லதானே பேசிகினு இருக்கேன்? காது இல்லையா உங்களுக்கு?"

ராஜேந்திரன் வழக்கம்போல் திரும்பினார். "என்ன சொல்றாங்க?"

"ரெண்டு மாசம் ஆச்சே, கொஞ்சம் சீக்கிரம் பாருங்கன்றாங்க சார்."

ராஜேந்திரன் அப்படியே நின்றுவிட்டார். அவர் பார்வை அர்ஜுனன் மேல் ஊன்றியது. பேனா கீழே உருண்டு போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"ஹைமவதி மேடம்! நாம ஊரெல்லாம் தேடறோம். இவரு முதல் நாள்லேர்ந்து நமக்கு மொழிபெயர்த்துக்கிட்டே இருக்காரே! இந்தம்மா என்ன சொன்னாலும் இவருக்குப் புரியுது. இவரு சொன்னாத்தான் நமக்குப் புரியுது. வேற என்ன தகுதி வேணும்?"

"அவரு குற்றம் சாட்டப்பட்டவர் ஆச்சே சார்" என்றார் ஹைமவதி.

"அதுதான் மேடம் விசேஷமே. மத்த மொழிபெயர்ப்பாளர்னா நாளைக்கு நல்ல வேலை கெடைச்சா ஓடிடுவான். இவரு ஊரை விட்டே போக முடியாது. தினமும் காலையில ஆஜர் ஆகறாரு, கையெழுத்துக்கூட இருக்கு. இப்படி ஒழுங்கான ஊழியர் நம்ம டிபார்ட்மெண்டுல வேற யாரு இருக்கா?"

அர்ஜுனன் பதறிப்போனான். "சார், எனக்குச் செக்கும் தெரியாது, ஸ்பானிஷும் தெரியாது சார்."

"அடக்கம்" என்றார் ராஜேந்திரன் ஹைமவதியிடம்.

மார்த்தா அர்ஜுனனின் கையைப் பிடித்து அழுத்தினாள். தாழ்ந்த குரலில், "ஒத்துக்கோண்ணா. தப்பிச்சா போதும்" என்றாள். வேன் மேல் பூத்த பூ அர்ஜுனனின் கண் முன்னால் வந்தது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

உடனே பரீட்சை. சாட்சி தன் சொந்த மொழியில் ஒரு வாக்கியம் பேச வேண்டும், அர்ஜுனன் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். மார்த்தா நிமிர்ந்து நின்றாள். செக் மொழியில் நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, ராஜேந்திரனின் கண்ணைப் பார்த்துப் பேசினாள். அதையே ஸ்பானிஷிலும் சொன்னாள்.

அர்ஜுனனுக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது, ஹைமவதி மேஜையில் டிபன் பாக்ஸ் திறந்திருந்தது, லெமன் சாதம் மணத்தது. வாயில் வந்ததைச் சொன்னான்.

"எனக்குப் பசிக்குதுன்றாங்க சார்."

"சரியானு அவங்ககிட்டயே கேளு."

"சரியாம்மா?"

மார்த்தா அவனை ஒரு கணம் பார்த்தாள். கண்ணில் ஏதோ வந்து போனது. "சரிதாண்ணா" என்றாள்.

"என்ன சொல்றாங்க?"

"சரின்றாங்க சார்."

"பேஷ்!" என்று ராஜேந்திரன் மேஜையைத் தட்டினார். "ரெண்டு மொழியிலயும் ஒரே அர்த்தம் வந்திருக்கு. கொஞ்சம்கூடப் பிசகல."

அன்று சாயங்காலம் அர்ஜுனன் கழுத்தில் அட்டை தொங்கியது. செக் மற்றும் ஸ்பானிஷ், தொழில்முறை மொழிபெயர்ப்பாளர். அர்ஜுனனும் மார்த்தாவும் பஸ்ஸில் வீடு திரும்பும்போது விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாளைக்கே வாக்குமூலம், நாளைக்கே வேன் என்று எல்லம்மாளிடம் சொன்னார்கள். எல்லம்மாள் பாயசம் வைத்தாள். "அப்பிடி இன்னாம்மா சொன்ன அந்தப் பாஷையில?" என்று அர்ஜுனன் கேட்டதற்கு, "அப்புறம் சொல்றேண்ணா" என்று மார்த்தா பாயசத்தைக் குடித்தாள்.

மறுநாள் இருவரும் வாக்குமூலம் கொடுக்கக் காவல் நிலையத்துக்குப் போனார்கள். "அதுதான் வந்துடுச்சே" என்றார் இன்ஸ்பெக்டர்.

ராஜேந்திரன் எதையும் தள்ளிப் போடாதவர். வெளிநாட்டுச் சாட்சி, தன் சொந்த மொழிகள் இரண்டிலும், அதிகாரிகள் முன்னிலையில், அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர் மூலமாகச் சொன்ன வார்த்தைகளை முத்திரை வைத்து அன்றைக்கே அனுப்பிவிட்டார். இன்ஸ்பெக்டர் அதை உரக்கப் படித்தார். "எனக்குப் பசிக்கிறது."

தாளை மடித்துக் கேஸ் கட்டுக்குள் பத்திரமாகச் செருகினார்.

"படிச்சதும் எனக்கே மனசு கஷ்டமாயிடுச்சு" என்றார் இன்ஸ்பெக்டர். "கடல் தாண்டி வந்த பொண்ணு. இத்தனை நாள் தமிழ்ல பேசினப்ப சொல்லிக் குடுத்ததைத்தான் சொல்லியிருக்கு. சொந்த மொழியில வாயைத் திறந்ததும் உண்மை வந்துடுச்சு பாருங்க. பையைப் பறிகொடுத்துட்டுப் பட்டினி கிடந்திருக்கு. பையில இருந்த மிட்டாயும் பாதிதான் மிஞ்சியிருக்கு. வெறும் திருட்டுன்னு நெனைச்சோம். இது அதைவிடப் பெருசு."

"அய்யோ, சாமி சத்தியமா அப்படிச் சொல்லலை சார்!" என்று மார்த்தா அலறினாள். "மிட்டாய நான்தான் துன்னேன்!"

இன்ஸ்பெக்டர் அர்ஜுனனைப் பார்த்தார். "என்ன சொல்றாங்க?"

அர்ஜுனன் கையைக் கூப்பினான். "சார், அவங்க அன்னிக்கு அப்படிச் சொல்லல சார். எனக்குப் பாஷை தெரியாது. நான்தான் சும்மா சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். அவர் கெட்டவர் இல்லை. "யோசிச்சுப் பேசுய்யா. அரசாங்க மொழிபெயர்ப்பாளர் பொய்யா மொழிபெயர்த்தான்னா அது தனி கேஸ். அந்தக் கேஸ்லயும் இந்தம்மாதான் சாட்சி. அவங்க வாக்குமூலத்தை எடுக்க ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணும். ஊர்லயே ஒருத்தர்தான் இருக்காரு, அதுவும் நீதான். உன் நன்மைக்குத்தான் சொல்றேன். சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

அர்ஜுனன் கழுத்திலிருந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த நிமிஷத்தில் அவனுக்குச் செத்துப் போகலாம் போல இருந்தது. பின்பக்கத்தில் நாய்க்குட்டிகள் வேனுக்கடியில் சண்டை போடுகிற சத்தம் கேட்டது. அவை நன்றாக வளர்ந்திருந்தன.

அதற்குப் பிறகு அவன் காலையில் நிலையத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நேரே வேங்கிக்கால் அலுவலகத்துக்குப் போய் உட்கார வேண்டியதாயிற்று. மொழிபெயர்ப்பாளர் இருக்கையை விட்டு நகரக் கூடாது. எப்போது செக் வரும், எப்போது ஸ்பானிஷ் வரும் என்று சொல்ல முடியாது. சம்பளத்துக்கு மேலிடத்து உத்தரவு வர வேண்டும். உத்தரவு வரும் என்று ராஜேந்திரன் உறுதியாகச் சொன்னார்.

தீபத்தன்று அலுவலகத்துக்கு லீவு இல்லை. ஊருக்குள் லட்சக்கணக்கில் ஜனம். ஒரு வெளிநாட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் மாடியேறி வந்து இங்கிலீஷில் கழிவறை எங்கே என்று கேட்டார்கள். அர்ஜுனனுக்கு அது புரிந்தது. ஆனால் இங்கிலீஷுக்கு அவனுக்கு அனுமதி இல்லை என்று ஹைமவதி தடுத்துவிட்டார். அவர்கள் தவிப்போடு இறங்கிப் போனார்கள். சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்தார்கள். உச்சியில் தீபம் ஏறியது. "அரோகரா" என்று ஊரே எழுப்பிய குரல் அங்கே வரை வந்தது. ராஜேந்திரன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அர்ஜுனன் கீழே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேன் வேனாகப் போய்க்கொண்டிருந்தது. எல்லா வேனிலும் கூரை வரை ஜனம். அவனும் கும்பிட்டான், என்ன வேண்டிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த வாரம் மார்த்தா கிளம்பினாள். விசாவை நீட்டிக்கக் கேட்டதற்கு, வாக்குமூலம் கொடுத்து முடித்த சாட்சி இங்கே இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று பதில் வந்தது. திரும்ப வர விசா கிடைக்குமா என்பதும் சந்தேகம். பஸ் ஸ்டாண்டில் எல்லம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். வறுத்த கடலை ஒரு பை நிறையக் கொடுத்தாள். வழியனுப்பு விழா அலுவலகப் பொறுப்பு என்பதால் ராஜேந்திரனும் பொன்னாடையோடு வந்திருந்தார். நமது அலுவலகத்தின் முதல் வெற்றிக்குக் காரணமான சாட்சி என்று ஒரு சின்ன உரை ஆற்றி, மெட்ராஸ் பஸ் ஏற வந்த ஜனங்களின் நடுவே அவளுக்குப் போர்த்திவிட்டார்.

மார்த்தா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அர்ஜுனன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இப்பவாவது சொல்லும்மா. அன்னிக்குப் பரீட்சையில இன்னா சொன்ன?"

அவள் தயங்கினாள். "வேணாம்ணா. வுடு."

"சொல்லு. நான் தெரிஞ்சிக்கணும்."

மார்த்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "‘பை என்னுது. நான்தான் இவருகிட்ட குடுத்தேன். இவரு எத்தையும் எடுக்கல. இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்ச நல்ல மனுசன் இவருதான். வண்டிய குடுத்துடுங்க.’ இத்தான் சொன்னேண்ணா. சொந்த பாஷையில சொன்னா எடுத்துப்போம்னு சொன்னாங்களே, அதான் ரெண்டுலயும் சொன்னேன்."

கேட்ட முறையிலேயே, கேட்ட மொழிகளிலேயே, கேட்ட ஆட்களுக்கு முன்னாலேயே அவள் அவனைக் காப்பாற்றியிருக்கிறாள். அதை அர்ஜுனன்தான் தன் வாயாலேயே பசி என்று மாற்றிவிட்டான். அவளைத் திட்டவும் முடியாது, யாரைத் திட்டுவது என்றும் தெரியாது. கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி விசும்பினான்.

"அழாதண்ணா" என்று மார்த்தா அவன் தலையைத் தொட்டாள். டிரைவர் ஏறி ஹாரன் அடித்தார்.

ராஜேந்திரன் அவசரமாகப் பக்கத்தில் வந்தார். வெளிநாட்டுச் சாட்சி கடைசியாக இவ்வளவு நேரம் பேசியதும், மொழிபெயர்ப்பாளர் அழுவதும் அவரை என்னவோ செய்திருந்தது.

"என்னப்பா, என்ன சொல்றாங்க?"

அர்ஜுனன் அவரைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

"பசிக்குதாம் சார்."

ராஜேந்திரன் மனம் உருகிப் போனார். பஸ் நகரத் தொடங்கியிருந்தது. பக்கத்துக் கடைக்கு ஓடி ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி பஸ்ஸோடு கொஞ்ச தூரம் ஓடி, அதை ஜன்னல் வழியாக மார்த்தாவின் மடியில் போட்டார்.